குடும்ப மரத்துக்குச் சான்று சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம்ப்ஸ், ரூட்ஸ்மேஜிக், ஃபேமிலி ட்ரீ மேக்கர் என்று எந்த மென்பொருளில் குடும்ப மரம் போட்டாலும், பெயரையும் தேதியையும் மளமளவென்று ஏற்றிவிடுகிறார்கள். அந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று எழுத வேண்டிய சோர்ஸ், சைட்டேஷன் என்ற பெட்டிகள் மட்டும் காலியாகக் கிடக்கின்றன. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால். ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்தக் கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

1. எங்க குடும்பத்தைப் பத்தி எனக்கே தெரியும். இதுக்குப் போய் எதுக்கு சைட்டேஷன்?

இன்றைக்குத் தெரியும். சில வருடம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து "பிறப்பு: 14 மே 1921" என்று பார்க்கும்போது, அது சான்றிதழில் கண்டதா, அத்தை போனில் சொன்னதா, கல்லறைக் கல்லில் படித்ததா என்று ஞாபகம் இருக்காது. அப்போது உறவினர் ஒருவர் 1923 என்று எழுதிய தாளைக் கொண்டுவந்து நீட்டினால், உங்கள் 1921-ஐ எதன் எதிரே வைத்து எடை போடுவீர்கள்?

உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயத்துக்கும் சான்று உண்டு. "நேரில் அறிந்தது" என்று ஒரு மூலத்தை உருவாக்கி, உங்கள் பெயரையும் எழுதிய நாளையும் போடுங்கள். உங்கள் தம்பி பிறந்த அன்று நீங்கள் அந்த வீட்டில் இருந்தீர்கள் என்றால் அது நல்ல சாட்சிதான்.

2. சோர்ஸ், சைட்டேஷன், ரெப்பாசிட்டரி… மூணும் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு. சோர்ஸ் என்பது முழு ஆவணம்: ஒரு திருமணப் பதிவேடு, ஒரு நூல், ஒரு நேர்காணல், ஓர் இணையத் தரவுத்தளம். சைட்டேஷன் என்பது அதற்குள் நீங்கள் பார்த்த குறிப்பிட்ட இடம்: தொகுதி, பக்கம், வரிசை எண். ரெப்பாசிட்டரி என்பது அந்த ஆவணம் இருக்கும் இடம். அது ஆவணக் காப்பகமாக இருக்கலாம், இணையதளமாக இருக்கலாம், உங்கள் பெரியப்பா வீட்டு பீரோவாகவும் இருக்கலாம்.

ஒரே பதிவேட்டில் உங்கள் சொந்தக்காரர்கள் முப்பது பேர் அகப்பட்டால் ஒரு சோர்ஸ், முப்பது சைட்டேஷன், ஒரு ரெப்பாசிட்டரி. புதிதாக வருபவர்கள் முப்பது சோர்ஸ் உண்டாக்கிவிட்டு, பட்டியல் நீண்டுபோச்சே என்று வருவார்கள். அதற்காக உலகத்தையே ஒரு சோர்ஸுக்குள் திணிக்கவும் வேண்டாம். "இணையம்" என்று ஒரு சோர்ஸ் வைத்திருந்தவரை எனக்குத் தெரியும். எவ்வளவு பிரிப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே இரண்டு கட்சி. என் பழக்கம் இது: பதிவேடும் நூலும் ஒரு சோர்ஸ், வீட்டில் இருக்கும் கடிதம், சான்றிதழ் போன்ற தனித்தாள்கள் ஒவ்வொன்றும் ஒரு சோர்ஸ்.

3. சைட்டேஷன்ல என்னென்ன எழுதணும்? அந்த ஃபார்மேட்டைப் பார்த்தாலே பயமா இருக்கு.

காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்ற கவலையை விடுங்கள். யார் உண்டாக்கிய ஆவணம், அது என்ன, எப்போதையது, அதற்குள் எந்த இடம், இப்போது எங்கே இருக்கிறது. இந்த ஐந்தும் இருந்தால் போதும். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதே பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. சோர்ஸ் தலைப்பு: "திருமணப் பதிவேடு, 1928–1934". ஆக்கியவர்: பதிவு செய்த அலுவலகத்தின் பெயர். ரெப்பாசிட்டரி: காப்பகத்தின் பெயர், கூடவே அங்கே கொடுத்த கோப்பு எண். சைட்டேஷனின் பக்கம் என்ற கட்டத்தில்: "தொகுதி 3, பக்கம் 47, வரிசை 12, மணமகன், மணமகள் பெயர்". தேதிக் கட்டத்தில் பதிவு எழுதப்பட்ட நாள்: 9 ஜூன் 1931. குறிப்பில்: "மூலப் பதிவேட்டை நேரில் பார்த்தேன், 2 பிப்ரவரி 2024, பக்கத்தின் கீழ் மூலை கிழிந்திருக்கிறது, சாட்சிகளின் பெயர் வாசிக்க முடியவில்லை."

உரை என்ற பெட்டி இருந்தால் அந்தப் பதிவை வரி மாறாமல் அப்படியே தட்டச்சு செய்யுங்கள், எழுத்துப்பிழையோடு. பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தப்பும் தகவல்தான். திருத்திய வடிவம் ஆளின் பெயர்க் கட்டத்தில் இருக்கட்டும்.

4. சைட்டேஷனை ஆளுக்குப் போடணுமா, பிறந்த தேதிக்குப் போடணுமா?

பிறந்த தேதிக்கு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படித்தால் போதும் என்றால் அது இதுதான். ஆவணங்கள் ஆளை நிரூபிப்பதில்லை, ஆளைப் பற்றிய ஒரு கூற்றைச் சொல்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குக் கீழே பொதுவாக ஒன்பது சைட்டேஷனைத் தொங்கவிட்டால், அவர் பிறந்த ஆண்டு அந்த ஒன்பதில் எதிலிருந்து வந்தது என்று ஒன்பதையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பெயர், பிறப்பு, திருமணம், தொழில், குடியிருந்த இடம், இறப்பு என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனியாகச் சைட்டேஷன் டேப் பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. அங்கே சேருங்கள். ஃபேமிலிசெர்ச் தளத்தில் இருப்பது போன்ற, பலர் சேர்ந்து வளர்க்கும் கூட்டு மரத்தில் சோர்ஸ் முதலில் ஆளோடுதான் ஒட்டும். ஆனால் அது பெயருக்கா, பிறப்புக்கா, இறப்புக்கா என்று குறியிட வசதி கொடுத்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

5. ஒரே சான்றிதழ்ல பேரு, தேதி, இடம், அப்பா அம்மா எல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் திரும்பத் திரும்ப டைப் பண்ணணுமா?

வேண்டாம். கிராம்ப்ஸில் சைட்டேஷன் தனிப் பொருளாக இருப்பதால், இருப்பதையே எடுத்து இன்னொரு நிகழ்விலும் இணைக்கலாம். கிளிப்போர்டு சாளரத்தில் வைத்துக்கொண்டு இழுத்து இழுத்துப் போட்டால் வேலை இன்னும் வேகம். ரூட்ஸ்மேஜிக்கிலும் 8-ஆம் பதிப்பிலிருந்து ஒரே சைட்டேஷனைப் பல இடத்தில் பயன்படுத்தலாம். மற்றவற்றில் நகலெடுத்து ஒட்டும் பொத்தானாவது இருக்கும்.

இணைப்பதும் நகலெடுப்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். இணைத்ததை ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும். பக்க எண்ணைச் சரிசெய்யும்போது அது வரம். "இந்தத் தேதி இரண்டு வருடம் தள்ளி இருக்கலாம்" என்று எழுதினால் அதே வரி பெயருக்கும் தொழிலுக்கும் கீழேயும் போய் நிற்கும். ஒரு கூற்றை மட்டும் பற்றிய கருத்தை அந்த நிகழ்வின் குறிப்பில் எழுதுங்கள்.

இன்னொன்று: ஆவணம் சொல்லாததற்கு அதை இணைக்காதீர்கள். திருமணப் பதிவில் மணமகனுக்கு வயது 22 என்று இருந்தால் பிறந்த ஆண்டுக்கு அது ஓரளவு சான்று. பிறந்த இடத்துக்குச் சான்றாகாது. இழுத்துப் போடும் சுகத்தில் இது நிறையவே நடக்கிறது.

6. ஆவணத்தை போட்டோ எடுத்து அட்டாச் பண்ணிட்டேன். அதுவே சான்றுதானே, தனியா எழுதணுமா?

எழுத வேண்டும். படம் எங்கிருந்து வந்தது என்று படமே சொல்லாது. பக்கத்தின் நடுவில் இருக்கும் நான்கு வரியை நெருக்கிப் பிடித்திருப்பீர்கள். பக்க எண் மூலையில் வெட்டுப்பட்டிருக்கும். பதிவேட்டின் பெயர் அட்டையில் இருந்திருக்கும், அட்டையை எடுத்திருக்க மாட்டீர்கள். கோப்பின் பெயரோ கேமரா கொடுத்த எண்ணாகவே இருக்கும். முதலில் அட்டை, பிறகு தலைப்புப் பக்கம், பிறகு முழுப் பக்கம், கடைசியாக வேண்டிய வரி என்ற வரிசையில் எடுத்தால் சைட்டேஷன் எழுத வேண்டிய எல்லாம் படத்திலேயே வந்துவிடும்.

படத்தை ஆளோடு இணைப்பதைவிடச் சைட்டேஷனோடு இணைப்பது நல்லது.

7. பாட்டி வாயால சொன்னதுதான். அதை எப்படிப் போடுறது?

நேர்காணலை ஒரு சோர்ஸாக வையுங்கள்: சொன்னவர், கேட்டவர், நாள், நேரிலா போனிலா, ஒலிப்பதிவு உண்டா, அது எங்கே இருக்கிறது. பதிவு இருந்தால் பக்க எண்ணுக்குப் பதிலாக நிமிடக் கணக்கைப் போடலாம்: "22:40 முதல்". சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "பெருமழை பெய்ஞ்ச வருஷம், நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருந்தேன்" என்று பாட்டி சொன்னதை நீங்கள் 1943 என்று மாற்றிப் பதிந்தால், கணக்கு உங்களுடையதா பாட்டியுடையதா என்று பிற்பாடு பிரிக்க முடியாது.

பாட்டிக்கு அது எப்படித் தெரியும் என்பதும் முக்கியம். தன் தங்கை கல்யாணத்தை அவர் கண்ணால் பார்த்தவர். தன் தாத்தா பிறந்த ஊரை அவரும் யாரோ சொல்லித்தான் கேட்டிருப்பார். ஒரே நேர்காணல்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது.

8. ஆன்லைன்ல கிடைச்சதுக்கு லிங்க் மட்டும் போட்டா போதாதா?

போதாது. தளம் மாறும், முகவரி மாறும், சந்தா முடிந்தால் பக்கமே திறக்காது. முகவரியோடு தரவுத்தளத்தின் பெயர், பதிவின் எண், பார்த்த நாள் மூன்றையும் எழுதுங்கள். சந்தா கேட்காத பொதுப் பக்கம் என்றால் இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் அங்கே பார்த்தது எது என்பது. பெயர் தேடியதும் வரும் வரி ஒரு அட்டவணை. யாரோ பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தது, அல்லது இயந்திரம் படித்தது. பக்கத்தில் படம் இருந்தால் திறந்து படியுங்கள். படம் இல்லை, அட்டவணை மட்டும்தான் என்றால் அப்படியே எழுதுங்கள்: "அட்டவணை மட்டும் பார்த்தேன், இன்ன பதிவேட்டிலிருந்து எடுத்ததாகத் தளம் சொல்கிறது." பதிவேட்டைக் கண்ணால் பார்க்காமல் பதிவேட்டின் பெயரைச் சைட்டேஷனில் போடுவது, என்னைக் கேட்டால், சைட்டேஷனே இல்லாததைவிட மோசம். அடுத்தவர் அதை நம்பிச் சரிபார்க்காமலே போய்விடுவார்.

9. இன்னொருத்தர் போட்டு வெச்ச மரத்துல இருந்து எடுத்தேன். அதைச் சொல்லலாமா, கௌரவக் குறைச்சலா இருக்குமே?

சொல்லுங்கள். மரத்தின் பெயர், வைத்திருப்பவர், பார்த்த நாள். அவர் சான்று காட்டியிருந்தால் "அவர் இன்ன ஆவணத்தைக் காட்டுகிறார், நான் பார்க்கவில்லை" என்று சேருங்கள். அந்த ஆவணத்தைத் தேடிப் பிடித்த பிறகு 3-ஆம் கேள்வி மாதிரிப் புது சைட்டேஷன் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே தேதி ஏழு மரத்தில் இருக்கிறது, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஏழும் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்ததாக இருந்தால் அது ஒரே சாட்சிதான்.

10. சைட்டேஷனுக்கு 0, 1, 2, 3-ன்னு தரம் கேக்குதே, எதைப் போடுறது?

குடும்ப வரலாற்றுத் தரவைப் பரிமாறும் ஜெட்காம் வடிவத்தில் உள்ள அளவுகோல் அது. 0 என்றால் நம்பத்தகாதது அல்லது உத்தேசம். 1 ஐயத்துக்கு இடமுள்ளது, நேர்காணல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வாய்வழி வம்சாவளி எல்லாவற்றையும் ஜெட்காமின் 5.5.1 பதிப்பு இதில்தான் வைக்கிறது. 2 நிகழ்வு நடந்து சில காலம் கழித்து அலுவல் முறையில் பதிந்தது. 3 நேரடியான முதல்நிலைச் சான்று. கிராம்ப்ஸில் மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை ஐந்து படி, எதையும் தொடாவிட்டால் நடுப்படி. ஐந்தும் நான்கும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது என்பதால் வேறு மென்பொருளுக்கு ஏற்றுமதி செய்யும்போது இந்த எண்ணை அதிகம் நம்ப வேண்டாம்.

தரம் ஆவணத்துக்கு இல்லை, கூற்றுக்கு. இறப்புச் சான்றிதழில் இறந்த நாள் அன்றோ மறுநாளோ பதிந்தது, அதற்கு 3 கொடுக்கலாம். அதே தாளில் இருக்கும் பிறந்த தேதி, துக்கத்தில் இருந்த மகனோ மருமகனோ அலுவலரிடம் சொன்னது. எண்பது வருடம் முன்னால் நடந்ததற்கு அவர்கள் சாட்சி இல்லை. ஆகவே இந்த இரண்டுக்கும் ஒரே சைட்டேஷனை இணைக்காமல் (5-ஆம் கேள்வி) நகலெடுத்துத் தனித்தனித் தரம் போடுவதுதான் சரி.

11. ரெண்டு ஆவணத்துல ரெண்டு தேதி. ஒண்ணை டெலிட் பண்ணிடவா?

அழிக்காதீர்கள். இரண்டையும் இரண்டு பிறப்பு நிகழ்வாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் சைட்டேஷனைப் போட்டு, நீங்கள் நம்புவதை முதன்மை என்று குறியுங்கள். ஏன் அதை நம்புகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். நீங்கள் நம்பாத தேதியை அழித்துவிட்டால், அது வேறெங்காவது மறுபடி தலைகாட்டும்போது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்து மறுபடி ஆரம்பிப்பீர்கள்.

முடிவெடுக்கும்போது ஆவணங்களை எண்ணாதீர்கள். நிகழ்வுக்கு அருகில் எழுதியது எது, சொன்னவருக்கு நேரடியாகத் தெரியுமா, தேதியை முன்பின் தள்ளிச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்ததா என்று பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியிருக்கலாம், வேலைக்காகக் குறைத்திருக்கலாம். பள்ளிச் சான்றிதழில் ஏறிய தேதி அதைப் பார்த்து எழுதிய வேலை ஆவணத்திலும் ஓய்வூதியத் தாளிலும் அப்படியே வரும். அந்த மூன்றும் 9-ஆம் கேள்வியின் ஏழு மரத்துக்கு அண்ணன் தம்பி.

12. இன்னார் இன்னாரோட மகன்னு எந்த ஆவணத்துலயும் நேரா இல்ல. நானாத்தான் கண்டுபிடிச்சேன். எதைக் காட்டுறது?

நேராகச் சொல்லும் ஆவணம் இல்லாமலும் உறவை நிறுவலாம். ஒரே வீட்டு எண், ஒருவரின் சொத்து மற்றவருக்குக் கைமாறியது, திருமணத்தில் சாட்சிக் கையெழுத்து, பொருந்தும் வயது என்று துண்டு துண்டாக இருப்பதைச் சேர்த்து முடிவுக்கு வருவதை மறைமுகச் சான்று என்பார்கள். அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய வம்சாவளி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியம் முன்வைக்கும் நிரூபண நெறியிலும் இதற்கு இடம் உண்டு. தேடல் போதுமான அளவு விரிவாக இருக்க வேண்டும், மூலங்கள் முழுமையாகக் காட்டப்பட வேண்டும், சான்றுகளை அலசி ஒப்பிட வேண்டும், முரண்களைத் தீர்க்க வேண்டும், முடிவைக் காரணத்தோடு எழுத வேண்டும் என்பது அந்த நெறி.

மென்பொருளில் இதற்குத் தனிக் கட்டம் தேட வேண்டாம். உங்கள் வாதத்தை ஒரு பக்கம் எழுதி, உங்கள் பெயரும் தேதியும் போட்டு, அதையே ஒரு சோர்ஸாக ஏற்றுங்கள். துண்டு ஆவணங்களின் சைட்டேஷன்கள் தனியாக அவற்றின் நிகழ்வுகளில் இருக்கட்டும்.

அடுத்த சிக்கல், "இன்னார் மகன்" என்ற உறவுக்கோட்டின் மேல் சைட்டேஷனை எங்கே ஒட்டுவது என்பது. கிராம்ப்ஸில் குடும்பப் பதிவில் குழந்தையின் இணைப்பைத் திறந்தால் அதற்கென இடம் இருக்கிறது. ஆனால் ஜெட்காம் 5.5.1-இல் குழந்தையைக் குடும்பத்தோடு சேர்க்கும் வரிக்குக் கீழே குறிப்பு எழுதலாம், சைட்டேஷன் வைக்க இடம் இல்லை. ஆகவே அதே சைட்டேஷனைக் குழந்தையின் பிறப்பு நிகழ்விலும் போட்டு வையுங்கள், வேறு மென்பொருளுக்குப் போனாலும் தங்கும்.

13. தேடினேன், கிடைக்கல. அதுக்குமா சைட்டேஷன்?

ஆம். "1930 முதல் 1936 வரையிலான பதிவேடுகளை வரிவரியாகப் பார்த்தேன், பெயர் இல்லை, 1933 தொகுதி காணவில்லை" என்ற ஒரு குறிப்பு அடுத்த முறை ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும். எந்தெந்த எழுத்து வடிவத்தில் தேடினீர்கள் என்பதையும் சேருங்கள்.

14. வேற சாஃப்ட்வேருக்கு மாத்தினா சைட்டேஷன் எல்லாம் அப்படியே வருமா?

அப்படியே வராது, ஓரளவு வரும். 1984-இல் முதலில் வெளியான ஜெட்காம்தான் இன்றும் பொதுப்பாலம். 1999-இல் வந்த 5.5.1 பதிப்பையே பெரும்பாலான மென்பொருள்கள் பேசுகின்றன, 7.0 பதிப்பு 2021-இல் வந்தது. 5.5.1-இல் சோர்ஸுக்கு ஆக்கியவர், தலைப்பு, வெளியீட்டு விவரம், ரெப்பாசிட்டரி, அதன் கோப்பு எண் என்று சில கட்டங்கள், சைட்டேஷனுக்குப் பக்கம், தேதி, உரை, தரம், குறிப்பு. அவ்வளவுதான். உங்கள் மென்பொருள் "கல்லறைக்கு ஒரு வார்ப்புரு, கடிதத்துக்கு ஒரு வார்ப்புரு" என்று இருபது கட்டம் கொடுத்திருந்தால், ஏற்றுமதியில் அவை ஒன்றாகச் சேர்ந்து நசுங்கும், அல்லது அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரியும் குறியீடாகப் போகும்.

அதனால்தான் வார்ப்புருவைவிட எளிய கட்டங்களை நான் சிபாரிசு செய்கிறேன். படங்களும் 5.5.1 கோப்புக்குள் போகாது, கோப்பின் பாதை மட்டுமே போகும். 7.0-இல் படங்களையும் சேர்த்துப் பொதியாகக் கட்டும் ஜெட்ஜிப் இருக்கிறது, இரண்டு பக்க மென்பொருளும் அதைப் படித்தால். முழு மரத்தையும் நகர்த்துவதற்கு முன் எல்லா வகைச் சைட்டேஷனும் உள்ள நான்கைந்து பேரை மட்டும் ஏற்றுமதி செய்து, அந்தப் பக்கம் திறந்து பாருங்கள்.

15. ஏற்கெனவே அறுநூறு பேரை ஏத்திட்டேன், ஒருத்தருக்கும் சைட்டேஷன் இல்ல. எல்லாத்தையும் முதல்ல இருந்து பண்ணணுமா?

வேண்டாம், ஒரு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள். உங்கள் நேர் முன்னோரை மட்டும் எடுங்கள், அதிலும் பெற்றோர்–பிள்ளை உறவுக்கோட்டுக்குச் சான்று தேடுவதில் தொடங்குங்கள். ஒரு கோடு தவறினால் அதற்கு மேலே உள்ள அத்தனை பேரும் வேறு யாருடைய முன்னோரோ ஆகிவிடுவார்கள். ஒரு தேதி தவறினால் அந்தத் தேதி மட்டும்தான் தவறு. மற்றவர்களை எந்தக் காரணத்துக்காகத் திறந்தாலும் அன்றைக்கு அவருக்கு ஒரு சைட்டேஷன் போட்டுவிட்டு மூடுங்கள்.

எங்கிருந்து வந்தது என்றே தெரியாதவற்றுக்கு "மூலம் தெரியாது, என் பழைய குறிப்பு" என்று ஒரு சோர்ஸ் வைத்துத் தரம் 0 கொடுங்கள். பின்னால் அதை வைத்தே வடிகட்டி எடுக்கலாம்.

16. மரத்தை சொந்தக்காரங்களுக்கு அனுப்பப் போறேன். உயிரோட இருக்கறவங்க விவரத்தை மறைச்சிட்டேன், போதுமா?

மறைக்கும் வடிகட்டி ஆட்களின் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கும். சோர்ஸ் தலைப்பு, சைட்டேஷன் உரை, குறிப்பு, இணைத்த படம் இவற்றுக்குள் இருக்கும் உயிரோடு இருப்பவர்களின் பெயரும் அடையாள எண்ணும் முகவரியும் அதன் கண்ணில் படாமல் தப்பலாம். பெரியம்மாவின் நேர்காணலுக்கு நீங்கள் வைத்த தலைப்பிலேயே அவர் போன் எண் இருக்கும். இறந்தவரின் சான்றிதழ்ப் படத்தில் தகவல் கொடுத்த மகனின் கையெழுத்தும் வீட்டு முகவரியும் இருக்கும்.

பல மென்பொருள்களில் சோர்ஸையும் குறிப்பையும் தனித்தனியே அந்தரங்கம் என்று குறிக்கலாம். ஏற்றுமதியின்போது அந்தரங்கத்தை விலக்கு என்ற தேர்வையும் தட்ட வேண்டும். அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பை எளிய உரைத் திருத்தியில் திறந்து, உயிரோடு இருக்கும் இரண்டு மூன்று பேரின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஜெட்காம் வெறும் உரைக் கோப்புதான், திறக்கும்.